இறகுச் சாற்றைக் கொதிக்க வைத்தவளுக்கு

இன்றைக்குக் காலையில் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கறிக்கடைக்காரன் எவனோ கோழி இறகுக் குவியலுக்குத் தீ வைத்துவிட்டிருந்தான். அந்தக் கருகல் நாற்றம் தொண்டையில் இறங்கியதுதான் தாமதம், ஓரமாக ஓடி வாந்தி எடுத்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "என்னாச்சுங்க அம்மணி, தண்ணி வேணுங்களா?" என்றார். நல்ல மனுஷன். நான்தான் "ஒண்ணும் வேண்டாம், போங்க" என்று எரிந்து விழுந்தேன். நீ இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாய். நான் போடுகிற சண்டைக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பதே உனக்கு வேலையாக இருந்தது.

ஒவ்வாமை டாக்டர்களுக்கு நம் கம்பெனி அனுப்பிய மருந்துகளில் இறகுச் சாறு நம் இருவர் பொறுப்பு. கோழி இறகைக் கழுவி, அரைத்து, உப்பு நீரில் ஊறவைத்து வடித்தெடுப்பது. அதில் ஒரு சொட்டைக் கையில் வைத்து ஊசியால் லேசாகக் குத்தினால், இறகு ஆகாதவர்களுக்குத் தோல் தடித்துக்கொள்ளும். ஆனால் கோழிக்கு நோய் இருந்தால் அந்த வைரஸும் சாற்றோடு வந்துவிடுமே? நான் சேர்ந்த புதிதில், "கொதிக்க வெச்சாப் போச்சு" என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"கொதிச்சா வைரஸும் சாகும், நமக்கு வேணுங்கற புரதமும் சாகும். அப்புறம் அதுல ரசமா வெக்கறது புள்ள?"

அதனால்தான் அந்த நுண்வடிகட்டி. வைரஸ் பெரிது, சிக்கிக்கொள்ளும். புரதம் சிறிது, நழுவி வெளியே வந்துவிடும். அப்படியும் நீ வடிகட்டியை முழுசாக நம்பியதில்லை. "அது கடைசிக் காவல். மொதல் காவல் கோழிதான்" என்பாய். நோய் நொடியில்லாத கோழி வேண்டுமென்றுதான் பல்லடம் பக்கத்தில் உன் அண்ணன் பண்ணையிலேயே இறகு வாங்கினோம். நீ பிறந்து வளர்ந்த வீடே அந்தப் பண்ணைக்குள்தான் இருந்தது. நீயே போய்க் கோழிகளைப் பார்த்துவிட்டுத்தான் இறகு எடுப்பாய். அண்ணன் கொடுத்துவிடும் முருங்கைக்காயில் பாதி என் வீட்டுக் குழம்புக்கு வரும்.

ஒரு சித்திரையில் நீ போனபோது கொட்டகையில் கோழிகள் தலை வீங்கி, கொண்டை நீலம் பாரித்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து செத்துக் கிடந்தன. "வெயிலுக்குச் சாவுது அம்மணி. வெளிய சொல்லிப்போடாத" என்றார் அண்ணன். நீ அவர் முன்னாலேயே கால்நடைத் துறைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாய்.

அதே கொட்டகை இறகில் எடுத்த சாறு நம்மிடம் ஜாடி ஜாடியாகத் தயாராக இருந்தது. குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, அத்தனையையும் அழிக்க வேண்டும் என்றாய். மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "வடிகட்டியாச்சில்ல? நாளைக்கு லோடு போயே ஆகணும்!"

"வடிகட்டியில மயிரிழைக் கீறல் இருந்துதுன்னா என்னங்க பண்ணுவீங்க? சளி, இளைப்புன்னு வாரவங்க தோலுக்குள்ள நாமளே நோவை ஏத்தி உடறதுங்களா?"

அந்த ஆள் ஜாடியைப் பிடித்து இழுத்தார். நீ விடவில்லை. முழங்கையால் உன் நெஞ்சில் ஒரு இடி இடித்தார். நீ போய் இரும்பு அலமாரியில் மோதினாய். புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. எவர்சில்வர் தட்டை எடுத்து அவர் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். ஐயோ அம்மா என்று உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

நீ ரத்தத்தைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. ஜாடிகளை எல்லாம் குக்கர் மாதிரி ஆவியில் வேகவைக்கிற ஆட்டோகிளேவுக்குள் அடுக்கி, மூடியை முறுக்கி, ஆவி சீறும் வரை அதற்கு முன்னால் காவல் நின்றாய். "சாவட்டும். எல்லாம் சேந்து சாவட்டும்" என்றாய். மாதக்கணக்கில் நாம் உழைத்த சாறு உள்ளே வெந்துகொண்டிருந்தது.

பறவைக் காய்ச்சல்தான் என்று முடிவு வந்தது. அண்ணன் பண்ணையோடு அக்கம்பக்கத்துப் பண்ணைகளையும் சேர்த்து அழித்தார்கள். யாரும் கூப்பிடாமலே நீ போனாய், என்னையும் இழுத்துக்கொண்டு. வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் கழுத்தைத் திருகித் திருகிச் சாக்கில் போட்டார்கள். சாக்குக்குள் இறக்கைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. குழி, அதன் மேல் சுண்ணாம்பு. ஒரு மூலையில் இறகு எரிந்தது. வேலிக்கு வெளியே நின்ற நம்மைக் கண்டதும் உன் அண்ணன் மண்வெட்டியோடு ஓடி வந்தார். அதன் பிடியால் உன் தோளில் விளாசினார்.

"பொறந்த ஊட்டையே குழி தோண்டிப் பொதச்சுப்போட்டியே! இனி உனக்குப் பொறந்த ஊடே இல்ல, போ!"

அடுத்த அடி விழுவதற்குள் என் டிபன் கேரியரைச் சுழற்றி அவர் வாயிலேயே போட்டேன். உதடு கிழிந்தது. இன்னொன்று போட ஓங்கியபோது நீதான் என் இடுப்பைக் கட்டிப் பிடித்தாய். "உடு ஸ்டெல்லா, எங்கண்ணன் அது!" என்று கத்தினாய். பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்து அழுதாய். "கோழி போனா அடுத்த குஞ்சு உடலாம். எனக்கு எங்கண்ணன் போயிட்டானே" என்றாய். ஒவ்வொரு பொங்கலுக்கும் நீ அவருக்குப் போன் செய்தாய். அவர் எடுக்கவேயில்லை.

இப்போது மேனேஜர் வேறு ஆள். கோழியைப் பரிசோதித்த முடிவு கைக்கு வராமல் ஓர் இறகைக்கூட நான் உள்ளே விடுவதில்லை. புது மேனேஜர் என்னோடு வாதாடுவதில்லை. பழைய கதை காதுக்குப் போயிருக்கும்.

போன ஆடியில் புற்று உன்னைத் தின்று தீர்த்தது. உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்திவிட்டார்கள். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுப் புடவை வந்து மேலே விழுந்த பிறகுதான் எடுக்க வேண்டுமாம். உன் வீட்டுக்காரர் உன் அண்ணனுக்கு ஆள் அனுப்பிக் கெஞ்சினார். அவர் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. எல்லோரும் தெருமுனையைப் பார்த்தபடி கிசுகிசுத்தார்கள். அனாதைப் பிணத்தைப் பார்ப்பதுபோல் உன்னைப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்குப் போய் மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

உன் மாமியார் வகையில் ஒரு கிழவி வழிமறித்தாள். "நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ள. உனக்கு என்ன மொறை?"

"அவ மண்டை ஒடஞ்சப்போ தையல் போடக் கூட்டிட்டுப் போனவ நானுங்க. அவளை அடிச்ச அண்ணன் வாயைக் கிழிச்சவ நானுங்க. இதுக்கு மேல என்னங்க மொறை வேணும்?"

கிழவியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். நான் புடவையை உன் மேல் போர்த்தினேன். உன்னைத் தூக்கினார்கள். உன் அண்ணனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. நீ படாமல் விட்டுப்போன கோபத்தையும் சேர்த்து நான்தான் வைத்திருக்கிறேன்.

உன் மகள் லீவுக்கு என் வீட்டுக்குத்தான் வருகிறாள். போன தடவை பஸ்ஸில் யாரோ எங்கே போகிறாய் என்று கேட்டார்களாம்.

"எங்கம்மா பொறந்த ஊட்டுக்குங்க" என்று சொன்னாளாம்.