அப்பா இழுத்துப் பிடித்த சங்கிலி

பஃபலோ,
திங்கட்கிழமை காலை.

என் அன்பு மகள் பவுலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி டாமியனும் உடம்பளவில் சுகம், மனதளவில் நேற்றுச் சாயங்காலம் வரை அவ்வளவு சுகமில்லை, இப்போது தேவலை. அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்கு இந்தக் காப்பி தொண்டையில் இறங்கும். போனில் நீ "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுகிறாய், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வண்டி பேட்டரி உறையாமல் இருக்க என்ன செய்கிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரி இன்னும் பேசாமல்தான் இருக்கிறாளா, வெயிலே எட்டிப் பார்க்காத மாதத்தில் அங்குள்ளவர்கள் சந்தித்துக்கொண்டால் எதைப் பற்றித்தான் பேசுவார்கள், எல்லாம் விவரமாக எழுது. என் குணம் உனக்குத் தெரியும், எதிர் வீட்டில் சாமான் இறங்கினால் என்ன சாமான் என்று தெரியாமல் எனக்கு அடுப்பில் கை ஓடாது. கசகசா ரொட்டியும் ஸ்பான்ஜ் மிட்டாயும் தனியாக பார்சலில் வருகிறது, மாப்பிள்ளை கண்ணில் படுவதற்கு முன்னால் உனக்கென்று கொஞ்சம் எடுத்து ஒளித்து வைத்துக்கொள்.

இந்த வாரக் கடைசியில் ஊர் பட்ட பாட்டைக் கேள். வெள்ளிக்கிழமை ஐஸ் ஹாக்கி, சனிக்கிழமை டாமியனின் ஹால்டன் கல்லூரி ஃபுட்பால், ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரிய அணியின் ஃபுட்பால், மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்ததில் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டது, ரொட்டிக் கடையில் பன் தீர்ந்துவிட்டது, பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை ஆட்டத்துக்காக முன்னால் இழுத்து வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் வழக்கம்போல சர்ச் கூடத்தில் மீன் வறுவலுக்கு வரிசையில் நிற்கிறோம், டாமியன் எனக்குப் போன் செய்கிறான். "அம்மா, எங்க டீம்ல ரெண்டு பேருக்குக் கால் போச்சு. நாளைக்கு என்னை இறக்கினாலும் இறக்குவாங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவர் மைதானத்து வேலையை விட்டு ஒதுங்கிக்குவார்" என்றான். நாலு வருடமாக அணியில் இருந்தும் சட்டையில் ஒரு மண்கறை படாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த பிள்ளை, இது அவனுக்கு ஊரில் கடைசி ஆட்டம் வேறு, எனக்கு வரிசை நகர்ந்ததே தெரியவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றினேன், மீன் தட்டு கைக்கு வரும் வரை காப்பாற்றினேன், அதற்குமேல் முடியவில்லை.

மாப்பிள்ளைக்கு நாய்வண்டிப் பந்தயம்தான் தெரியும், ஃபுட்பால் தெரியாது என்றாயே, இதை அவருக்குப் படித்துக் காட்டும்போது சொல்: இது காலால் உதைக்கிற பந்தில்லை, கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற பந்து, நாலு முயற்சிக்குள் பந்தைப் பத்து கஜமாவது முன்னால் கொண்டுபோக வேண்டும், போகாவிட்டால் பந்து எதிராளி கைக்கு. அந்தப் பத்து கஜத்தை அளக்க இரண்டு முனையிலும் கோல் கட்டிய சங்கிலி ஒன்று உண்டு, அதன் முன்கோலைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நிற்கிற ஆள்தான் அவருடைய மாமனார். சனிக்கிழமை கல்லூரிக்கு, ஞாயிற்றுக்கிழமை பெரிய அணிக்கு, இரண்டு இடத்திலும் ஒரே விதி. கோல் கையில் இருக்கும்வரை கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது, எந்தப் பக்கத்துக்கும் முகம் மலரக் கூடாது. அப்பா அந்த விதியையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர் மாதிரி காப்பாற்றுகிறவர், ஆரஞ்சுச் சட்டையை மாட்டினால் முகம் பூட்டிய கடைதான். அந்தக் கடைக்குள்ளே என்ன இருக்கிறது என்று கல்யாணமானதிலிருந்து துருவித் துருவிக் கேட்டுவிட்டேன், ஒன்றும் கிடைத்ததில்லை. உன் தம்பி பயந்த மாதிரியே சனிக்கிழமை காலையில் நேராக நடுவரிடம் போய், "என் பையன் இன்னைக்கு இறங்கலாம், நான் ஒதுங்கிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். மாற்று ஆள் பனியில் மாட்டிக்கொண்டு வரவில்லை போலிருக்கிறது, நடுவர் சிரித்துவிட்டு, "லியோன், உங்களை எனக்குத் தெரியும். நீங்க சங்கிலியைப் பாருங்க, பையனை அவன் கோச் பார்த்துக்குவார்" என்றாராம். இதைக்கூட அப்பா சொல்லவில்லை, சங்கிலியின் பின்கோல் பிடிக்கிறவரின் மனைவியைக் கழிப்பறை வரிசையில் பிடித்து நான் கறந்த செய்தி.

பக்கத்து வீட்டு ரஸ், அதுதான் டயர் கடை ரஸ், அவனுடைய தொலைநோக்கியைக் கடன் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அப்பா நிற்பது எப்போதும் எதிர் அணிக்காரர்கள் பக்கம், உனக்கு ஞாபகம் இருக்கும். டாமியன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடி வந்ததும் அந்தப் பெஞ்சிலிருந்து ஆரம்பித்துவிட்டார்களாம். "யாருடா இது, சட்டையை இஸ்திரி போட்டு எடுத்துட்டு வந்திருக்கான்!" "தம்பி, வழி தவறிட்டியா? பாண்டு வாசிக்கிறவங்க அந்தப் பக்கம்!" என்றெல்லாம் அப்பாவின் காதுக்குப் பக்கத்திலேயே கூத்தடித்திருக்கிறார்கள், திட்டப்படுகிறவனின் தகப்பன் ஒரு கை தூரத்தில் கோலோடு நிற்கிறான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். அப்பா அசையவில்லை. ஆட்டம் முடியப் போகிற நேரம், நாம் மூன்று புள்ளி பின்னால், நாலாவது முயற்சி, பந்து அந்தப் பத்து கஜ எல்லையைத் தொட வேண்டும், தொடாவிட்டால் எல்லாம் முடிந்தது. பந்தை டாமியன் பக்கம்தான் எறிந்தார்கள். இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. என் பிள்ளை வாழ்நாளில் முதல்முறையாகப் பிடித்த பந்தை நான் பார்க்கவில்லை. நான் தொலைநோக்கியில் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு தடவையாவது அந்த முகத்தில் ஏதாவது ஓடுமா என்று பார்க்கிற ஆசை எனக்கு. அரங்கம் முழுக்க எழுந்து அலறுகிறது, அதை வைத்துத்தான் பிடித்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

பந்து எல்லையைத் தொட்டதா இல்லையா என்று கண்ணளவில் சொல்ல முடியவில்லை, நடுவர் சங்கிலியைக் கொண்டுவரச் சொல்லிக் கையசைத்தார். அப்பா கோலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்து போனார். அங்கே உன் தம்பி முட்டிக் காலைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறான், அவனுக்கும் அப்பாவுக்கும் நடுவில் பந்து கிடக்கிறது. சங்கிலியை அப்பா இழுத்துப் பிடிக்க வேண்டும், அதுதான் அவர் வேலை. கொஞ்சம் தளர்ந்து தொங்கினால் போதும், கோல் பந்துக்குப் பின்னால் நிற்கும், டாமியன் தாண்டிவிட்டான் என்று ஆகும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்பா குதிகாலை ஊன்றி விறைப்பாக இழுத்தார். பந்தின் மூக்குக்கும் கோலுக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற இடைவெளி. நடுவர் கையைத் திருப்பிக் காட்டினார், பந்து எதிராளிக்குப் போனது, ஆட்டமும் போனது, அரங்கமே ஊளையிட்டது. டாமியன் அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று தெரியாமல்தான் நான் தவித்துப்போனேன் பவுலா, கோபமா, அவமானமா, அப்பா மேல் வெறுப்பா? எத்தனை தடவை போன் செய்தும் அவன் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பா சூப் குடித்தார். அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது என்று நான் சுற்றி வளைத்துக் கேட்டேன், நேராகவும் கேட்டேன், அழுதும் கேட்டேன். "சங்கிலி பத்து கஜம்தான் ஐரீன். நேத்தும் பத்து, நாளைக்கும் பத்து" என்றார், அவ்வளவுதான், கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். எனக்கு அந்தக் கிண்ணத்தை எடுத்து எறியலாம்போல வந்தது. ஊர் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் பாதிரியாரே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "லியோன், நானா இருந்தா ஒரு தும்மல் போட்டு ரெண்டு அங்குலம் விட்டிருப்பேன், கடவுள் கண்டுக்க மாட்டார்" என்கிறார். ரஸ் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏய் லியோன், பெத்த புள்ளைக்கே அளந்துதான் ஊத்துவியா?" என்று கத்துகிறான். அப்பா இருவருக்கும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பெரிய அணியின் ஆட்டத்துக்குக் கிளம்பிப் போனார். டிவி ஓரத்தில் அவர் தெரிந்தார், அதே முகம். நம் ஊர் ஜெயித்தது, தெருவெல்லாம் ஹாரன் சத்தம், நான் மட்டும் உருளைக்கிழங்கு பியரோகிக் கொழுக்கட்டையை மடித்துக்கொண்டு, டாமியன் இனிமேல் அப்பாவோடு ஒரு மேசையில் உட்காருவானா என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

இருட்டுகிற நேரத்துக்கு வந்தான். அழுக்குத் துணி மூட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, துவைக்க வந்தவன் மாதிரி வந்தான், கல்லூரி விடுதியில் துவைக்கிற இயந்திரம் இல்லையா என்று கேட்க வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன், பார்த்தாயா, எனக்கும் முடிகிறது. அவன் பின்னாலேயே அப்பாவும் வந்துவிட்டார். இருவரும் கூடத்தில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு டாமியன்தான், "அப்பா, நேத்து ஆட்டத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டான். "நான் அங்கதானேடா இருந்தேன்" என்றார் அப்பா. "இருந்தீங்க. பார்த்தீங்களா?" என்றான். அப்பா இல்லை என்று தலையாட்டினார். நான் ஆட்டத்தைப் பதிவு செய்து வைத்திருந்தேன், அவனே ஓடவிட்டான். அப்பா பூட்ஸைக்கூட முழுதாகக் கழற்றாமல் சோபா நுனியில் உட்கார்ந்தார். தான் கோல் பிடித்த ஆட்டம் எதையும் அவர் டிவியில் பார்த்து நான் கண்டதே இல்லை.

அந்தக் கடைசிப் பந்து வந்தது. உன் தம்பி இரண்டு பேருக்கு நடுவில் எகிறி, ஒரு கையால் தட்டி மறு கையால் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுகிறான், ஐயோ பவுலா, நானும் அப்போதுதான் பார்த்தேன், அவ்வளவு அழகாக இருந்தது. அப்பா எழுந்து நின்று போட்டாரே ஒரு கத்தல்! நான் பியரோகித் தட்டைக் கீழே போட்டுவிட்டேன், யாரோ மாடியிலிருந்து விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து ரஸ் வெறும் காலுறையோடு பனியில் ஓடி வந்து கதவைத் திறந்துகொண்டு நிற்கிறான். "பிடிச்சிட்டான்! என் புள்ளை பிடிச்சிட்டான்!" என்று அப்பா குதிக்கிறார், ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் இல்லை. அதற்குள் டிவியில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆள் கோலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்துவிட்டான். அப்பா டிவி முன்னால் போய் நின்றுகொண்டு விரலை நீட்டி, "டேய் ஆரஞ்சுச் சட்டை! விட்டுப் பிடிடா! கொஞ்சம் விட்டுப் பிடிடா பாவி, என் புள்ளைடா அது!" என்று கத்துகிறார், தன்னையே பார்த்துக் கத்துகிறார், குரல் உடைந்துபோய் அழுகையாகிவிட்டது. ரஸ் திறந்த கதவை மெதுவாகச் சாத்தினான். டாமியன் எழுந்து போய் அப்பாவின் தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டு, "அப்பா, அந்த ஆளைத் திட்டாதீங்க. அவர் சரியாத்தான் இழுத்தார். எனக்குத்தான் எட்டல" என்றான்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. காதை மூடிக்கொண்டு வெளியே போ, மாப்பிள்ளையோடு சண்டை போட்டால் சாப்பிட்ட பிறகு போடு, தேவமாதா உங்கள் இருவரையும் ஒரு குறையும் வராமல் வைத்திருக்கட்டும், அடுத்த வருடம் இந்நேரம் மூன்று பேராக ஊருக்கு வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளிக்காதே. மறக்காமல் தம்பிக்குப் போன் செய். தோற்றதைப் பேசாதே, அந்தப் பந்தை எப்படிப் பிடித்தான் என்று மட்டும் கேள், அவன் சொல்லச் சொல்ல ஒன்று விடாமல் எனக்கு எழுது.

உங்கள் இருவரையும் ஆயிரம் முத்தத்தோடு ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா,
ஐரீன் குபியாக்