பின்சீட்டில் இருந்தவருக்கு

கண்ணாடி ஒன்றைத் துடைத்து, வந்திருந்த பெரியவரிடம் நீட்டினேன். அவர் அதை மாட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாத் தெரியுது மகள். ஆனா மண்ணெண்ணெய் மணக்குதே" என்றார். மணந்தது கண்ணாடி அல்ல, என் விரல். நேற்றுப் பகல் முழுக்க உங்கள் வண்டியின் செயினை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்த விரல். சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், தேசிக்காய்த் தோலால் உரசினேன், போகவில்லை. பெரியவர் போனபின் கடையில் ஆள் இல்லை. இருந்த இடத்திலிருந்தே இதை எழுதுகிறேன்.

நீங்கள் மௌத்தாகி, நான் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து முடித்து, வேலைக்கு வந்த முதல் நாள் இது. பஸ்ஸில் வரவில்லை, உங்கள் பைக்கில் வந்தேன்.

நான் வீட்டுக்குள் இருந்த காலம் முழுக்க வண்டி வீட்டின் பின்பத்தியில் தறப்பாளால் மூடிக் கிடந்தது. கண்டக்குழிக் கடற்காற்றுக்குத் தறப்பாள் ஒரு தடையா? இழுத்துப் பார்த்தபோது செயின் செங்கல் நிறத்தில் இருந்தது. சில கண்ணிகள் மடங்க மறுத்தன. முன் பிறேக்கைப் பிடித்துவிட்டு விட்டால் சில்லு சுற்றவில்லை, அப்படியே கவ்விக்கொண்டு நின்றது. "கடலுக்குப் பக்கத்தில இந்த வண்டிய வச்சிருக்கிறது கைப்பிள்ள வச்சிருக்கிற மாதிரி. ஒரு நாள் பாக்காட்டி அழும்" என்று சொல்வீர்கள். அது எத்தனை நாள் அழுது ஓய்ந்ததோ தெரியவில்லை.

வண்டி முதன்முதலில் வீட்டுக்கு வந்த அன்று நான் உங்களோடு கதைக்கவில்லை. படகு எஞ்சின் திருத்துகிற மனிதருக்கு, குனிந்து படுத்து ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் பைக் எதற்கு என்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "மன்னாரில இருந்து வள்ளத்தில வரேக்க எங்கட கையில ஒண்டும் இல்ல. ஒரு ஆசையாவது வச்சிருக்கக் கூடாதா?" என்றீர்கள். ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, சின்னப் பிள்ளையாகக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர் நீங்கள். நான் உங்கள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

ஆனால் ஆசை வேறு, தினமும் என்னை வேலைக்கு ஏற்றிப்போன புத்தளம் டவுன் வேறு. அந்த நெரிசலில் வண்டி எங்கள் இருவரையும் வதைத்தது. உங்களுக்கு மணிக்கட்டு வீங்கியது. பஸ்களுக்கு நடுவே ஊரும்போது எஞ்சின் சூடு தொடையைச் சுட்டது. நானோ உயரத்தில் இருந்த அந்தச் சின்னப் பின்சீட்டிலிருந்து, பிறேக் பிடிக்கும்போதெல்லாம் உங்கள் முதுகில் போய் மோதினேன். திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். நீங்கள் அதற்குப் பதிலாக ஸ்பனரை எடுத்தீர்கள். ஹேண்டிலை ஒரு விரல் அளவு உயர்த்தினீர்கள். கை மடங்காமல் பிடிக்கும்படி லீவர்களைச் சாய்த்தீர்கள். சீட்டுக்குள் இன்னொரு ஸ்பொஞ்சை வைத்துத் தைத்தீர்கள். மாதத்தில் பாதி நாள் வண்டி பத்தியில் பிரிந்து கிடந்தது.

அப்படியும் எனக்குப் பின்சீட்டு ஒத்துவரவில்லை. கல்யாணத்துக்கு முன் ஸ்கூட்டி ஓட்டியவள்தானே நான். "பின்னால இருக்கிறத விட ஓட்டுறது லேசு. சாவியத் தாங்க" என்றேன். நீங்கள் சிரித்தபடி தந்தீர்கள். மாம்புரிக்குப் போகிற வழியில் ஆள் நடமாட்டம் இல்லாத துண்டு ஒன்றில் என்னை ஓட்ட விட்டு, பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே வந்தீர்கள். "கையில தொங்காத. முழங்காலால டாங்க்கப் பிடி. கை சும்மா கிடக்கட்டும்." நிறுத்தினால் என் கால்விரல் நுனி மட்டும்தான் தரையில் படும். "ரெண்டு காலும் வேணாம். சீட்டில ஒரு பக்கமா நகந்து, ஒரு கால முழுசா வை." அதைப் பழகத்தான் எனக்கு அதிக நாள் எடுத்தது.

உங்கள் உம்மா, என் மாமி, வாசலில் நின்று பார்த்தார். "ஸ்கூட்டி எண்டாச் சரி. இது குனிஞ்சு கிடந்து ஓட்டுறது. ஊரே கதைக்குது மகள்" என்றார். அடுத்த நாளும் நீங்கள் சாவியைத் தந்தீர்கள், அவ்வளவுதான்.

பிறகு அந்த நோன்பு மாதம் வந்தது.

பெருநாள் நெருங்கிவிட்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்தீர்கள். நீங்கள் பெருநாளுக்கு உடுக்க எடுத்த புதுச் சாரம் என் பையில் இருந்தது. பஸார் வீதியில் மனிதர்களும் வாகனங்களும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. கொஞ்ச தூரம் போவதற்குள் நீங்கள் ஒரு புடவைக் கடை முன்னால் வண்டியை ஓரங்கட்டினீர்கள். ஏன் என்று கேட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றினீர்கள். முகம் கழுவி வந்தவர் போல வியர்த்திருந்தது.

"நெஞ்சுக்குள்ள என்னவோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றீர்கள். இடது கையைத் தூக்க முடியவில்லை.

கடைக்காரர் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து வைத்தார். யாரோ தண்ணீர் நீட்டினார். "நோன்பு" என்றீர்கள். "நோன்ப விடுங்க" என்று நான் அதட்டினேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. கடைக்காரர் அம்புலன்ஸுக்கு அழைத்தார். வருகிறார்களாம், ஆனால் அவர்களும் இதே வீதியால்தான் வரவேண்டுமாம். பக்கத்தில் நின்றிருந்த த்ரீவீல்காரரிடம் ஓடினேன். அவர் முன்னாலும் பின்னாலும் கையைக் காட்டினார்.

"தங்கச்சி, இது இப்ப அசையாது. நோன்பு திறக்கிற நேரம் ஆனாலும் அசையாது. பைக்தான் இடுக்கால பூரும். ஓட்டுவீங்களா?"

உங்களைப் பார்த்தேன். நீங்கள் சாவியை நீட்டினீர்கள்.

அவரும் கடைக்காரருமாக உங்களைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார்கள். நீங்கள் ஒரு பக்கம் சரிந்தீர்கள். த்ரீவீல்காரர் என் பையைப் பார்த்து, "அதில என்ன?" என்றார். சாரத்தை எடுத்துக் கொடுத்தேன். அதை உங்கள் முதுகைச் சுற்றி என் வயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, நுனிகள் சில்லில் சிக்காதபடி செருகிவிட்டார். உங்கள் தலை என் தோளில் வந்து விழுந்தது.

ஸ்டார்ட் பண்ணினேன். பயம் எனக்கு ஓட்டுவதில் இல்லை, நிறுத்துவதில்தான் இருந்தது. சரிந்தால் உங்களையும் வண்டியையும் தாங்க என் ஒரு கால் போதாது. பஸ்ஸுக்கும் வீதியோர வடிகானுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நுழைந்தேன். கிளச்சைப் பாதி விட்டு, பின் பிறேக்கை மெல்லத் தொட்டபடி, நடக்கிற வேகத்தில். முன் பிறேக்கைத் தொடவே அஞ்சினேன். கொஞ்சம் அழுத்தினாலும் உங்கள் பாரம் முழுக்க என் மேல் வந்து விழும். உங்கள் மூச்சு என் காதுக்குப் பின்னால் சத்தமாகக் கேட்டது.

பிறகு அந்த மூச்சில் வார்த்தை வந்தது. கடைசி மூச்சில் ஓதுகிற கலிமாவை ஓதிக்கொண்டிருந்தீர்கள்.

"கலிமாவ அல்லாஹ் கேட்டுட்டான். இப்ப எனக்கு வழியச் சொல்லுங்க" என்று கத்தினேன். பிறகு மெல்லிய குரலில், "தூரத்தப் பார்" என்றீர்கள்.

தூரத்தில் இரண்டு லொறிகள் வீதியை அடைத்து நின்றன. நின்றேன். ஒரு காலை முழுதாக ஊன்றினேன். அந்த நேரம் பார்த்து மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் கொதித்துவிட்டது.

"சூடு லைட் எரியுது" என்றேன்.

"நிப்பாட்டு."

"பிறகு ஸ்டார்ட் வராட்டி?"

"நிப்பாட்டு. கொஞ்சம் ஆறட்டும்."

உயிருக்குப் போராடும் மனிதரை முதுகில் கட்டிக்கொண்டு, எஞ்சினை அணைத்துவிட்டு நடு வீதியில் நின்றேன். அணைத்த பிறகும் எஞ்சின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் ஓய்ந்தது. சுற்றியிருந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். லொறிக்கு அந்தப் பக்கம் ஒரு பொலிஸ்காரர் நிற்பது தெரிந்தது. "சேர், லெடெக்! லெடெக்!" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில், நோயாளி, நோயாளி என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். என்னையும், என் தோளில் கிடந்த உங்கள் முகத்தையும், சாரக் கட்டையும் பார்த்தார். பிறகு லொறியின் கதவில் கையால் தட்டித் தட்டி அதைப் பின்னால் எடுக்க வைத்தார். ஒரு கதவு அகலத்துக்கு வழி திறந்தது.

ஸ்டார்ட்டரை அழுத்தினேன். பிடிக்கவில்லை. திரும்ப அழுத்தினேன். பிடித்தது.

அதற்குப் பிறகு வந்த வீதி எனக்கு ஞாபகம் இல்லை. நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள் என்பது மட்டும்தான் ஞாபகம். ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் நிறுத்தியபோது ஊழியர்கள் ஓடி வந்தார்கள். சாரத்தை அவிழ்க்க முடியாமல் கத்திரிக்கோலால் வெட்டினார்கள். உங்களைத் தூக்கிய கணத்தில் என் காலில் பலம் போய், வண்டி படாரென்று சரிந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நீங்கள் கண் திறந்தீர்கள்.

"கிளச் லீவரப் பார்" என்றீர்கள்.

லீவர் உடைந்திருந்தது. நான் அந்தச் சீமெந்துத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நோன்பு திறக்கும் பாங்கு சொன்னது அப்போதுதான். ஒரு தாதி பேரீச்சம்பழம் ஒன்றை என் கையில் வைத்துவிட்டுப் போனார். நேரத்தோடு கொண்டுவந்ததால் தப்பினார் என்று வைத்தியர் சொன்னபோதும் அந்தப் பழம் கையிலேயே இருந்தது.

நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த நாளிலிருந்து நான் முன்னால், நீங்கள் பின்னால். ஊர் கொஞ்ச நாள் கதைத்தது, பிறகு விட்டுவிட்டது. மாமியும் விட்டுவிட்டார். நீங்கள்தான் விடவில்லை. "இந்த இடத்தில மூணாவது கியர் போதும்." "அந்த வேன்காரன் உன்னக் காணல்ல, பின்னால வா." சில நாள்களில் இறக்கி விட்டுவிடலாமா என்று தோன்றும். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலைகளில் நான் செயினுக்கு எண்ணெய் விட, நீங்கள் பின் சில்லை மெல்லச் சுழற்றியபடி பக்கத்தில் இருப்பீர்கள். பயந்து பயந்து வாழ்ந்த வருடங்கள்தான் அவை. என்றாலும் நாங்கள் அதிகம் கதைத்ததும் அந்த வருடங்களில்தான்.

பிறகு ஒரு காலை, கரையில் ஒரு படகு எஞ்சினுக்கு மேல் குனிந்திருந்தவர் அப்படியே சரிந்தீர்களாம். நான் கடையில் இருந்தேன். நான் விரைந்து வந்த வீதி அன்று வெறுமையாகத்தான் கிடந்தது. கரையில் எல்லாம் முன்னமே முடிந்துவிட்டிருந்தது.

நேற்று நான் வண்டியை எடுத்தபோது மாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே பின் சில்லைச் சுழற்றித் தந்தார். செயினைக் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டேன். பிறேக்கைக் கழற்றி உப்பைச் சுரண்டி, பிறேக் எண்ணெயை மாற்றினேன். பற்றரியைச் சார்ஜ் பண்ணக் கொடுத்து எடுத்தேன். பின்னேரம் வண்டி உறுமியபோது மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கை முடியும் வரை ஓட்டிப் பார்த்தேன். சின்னப் பள்ளத்துக்கும் வண்டி துள்ளித் துள்ளி என் முதுகெலும்பில் அடித்தது. வந்து குனிந்து பார்த்தேன். பின்பக்க ஸ்பிரிங்கின் வளையத்தை நீங்கள் இரண்டு பேரின் பாரத்துக்கு ஏற்றபடி இறுக்கி வைத்திருந்தீர்கள். தனி ஆளுக்கு அதைத் தளர்த்த வேண்டும். ஸ்பனரை எடுத்தேன். மாமி என் கையைப் பிடித்தார்.

"அதத் தொடாத மகள். அவன்ட கை வச்சது. அப்படியே கிடக்கட்டும்."

"மாமி, இப்படியே ஓட்டினா டவுனுக்குள்ள என்னால ஒரு கிழமை தாங்க ஏலாது."

"அப்ப பஸ்ஸில போ."

எனக்குக் கோபம் வந்தது. அவருடைய விரல்களிலும் செயின் எண்ணெய் படிந்திருந்ததைக் கண்டதும் போய்விட்டது. ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். "அவர் இருந்து, நான் தனியப் போறன் எண்டு சொன்னா, முதல்ல இதத்தான் தளத்துவார் மாமி" என்றேன். மாமி ஸ்பிரிங்கை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு என் கையை விட்டார். "மெதுவாத் திருப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் தளர்த்தினேன்.

இன்று காலை அந்த வண்டி என் ஒருத்தியின் பாரத்துக்கு அசைந்து கொடுத்தது. பள்ளங்களில் துள்ளவில்லை. மணிக்கட்டு நோகவில்லை. முழங்காலால் டாங்க்கைப் பிடித்திருந்தேன், கை சும்மா கிடந்தது. அவ்வளவு சுகமாக அதில் நான் ஒருநாளும் வந்ததில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பாலாவிச் சந்தியில் ஒரு வேன் சட்டென்று குறுக்கே திரும்பியது. எனக்குப் பின்னால் யாரும் இல்லை, முன் பிறேக்கை அழுத்திப் பிடித்திருக்கலாம். ஆனால் என் விரல்கள் தாமாகவே மெல்ல, மிக மெல்ல மூடின, தோளில் சாய்ந்திருக்கும் தலை குலுங்கிவிடக் கூடாது என்பது போல.