உன் சுவரில் நான் எழுதிய வரி

இன்று காலை உன் வீட்டு வாசலில், தண்ணீர் ஊற்றிய சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன் முதல் தேர்தல் ஞாபகம் வந்துவிட்டது. மில்லில் ஷிப்டு முடிந்து, தலையில் பஞ்சு ஒட்டியபடியே வருவோம். முத்தியால்பேட்டைச் சுவர்களுக்கு நீ வெள்ளையடிப்பாய், நான் எழுத்துப் போடுவேன்.

ஜெயித்த மறுநாள் உன் வீட்டுச் சுவரிலேயே ஒரு வரி எழுதச் சொன்னாய்: ‘சிபாரிசுக் கடிதம் கேட்டு வராதீர்கள்.’ எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் இப்படி ஒரு வரியா என்று தெருவே சிரித்தது. “சிபாரிசுக்கு ஆளில்லாதவன் புள்ளைக்கும் வேலை கெடைக்கணும்டா” என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

என் மகள் அரசு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். அது உனக்கும் தெரியும். உன்னைப் போய்ப் பார்க்கச் சொல்லி என் மனைவி நச்சரித்தாள். நானே எழுதிய வரியை நானே மீறுவதா என்று வீம்பு பிடித்தேன். வேலை கிடைக்கவில்லை. மகள் துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கப் போனாள். அப்போதுகூட உன்மேல் எனக்கு வருத்தமில்லை.

பிறகு ஒருநாள், தேர்தலில் உனக்கு ஜீப் கொடுத்த கான்ட்ராக்டர் இனிப்போடு என் வீட்டுக்கு வந்தார். நீ கொடுத்த கடிதத்தால் அவர் மகளுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டதாம். உன் சிநேகிதன் என்பதால் எனக்கும் ஒரு டப்பா. அதை வாங்கி உள்ளே வைத்தவள் என் மகள்.

உன்னிடமே வந்து கேட்டேன். தலைகுனிவாய் என்று நினைத்தேன். நீயோ சிரித்தாய். “அவன் கோச்சிக்கினா வேற கட்சிக்குப் போயிடுவான். நீ எங்கடா போவ?”

பாவி, இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை. அதற்கப்புறம் உன் சாவுக்குத்தான் அந்த வாசலை மிதித்தேன்.

இப்போது உன் மகன் தேர்தலில் நிற்கிறான். மங்கிப்போன அந்த வரியைப் புதுசாக எழுதித் தர என்னைத்தான் கூப்பிட்டான். ஏணியைப் பிடித்துக்கொண்டே கேட்டான்: “அப்பா கடைசிவரைக்கும் ஒரு லெட்டர்கூட குடுக்கல, இல்ல பெரியப்பா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கையில் பிரஷ் இருந்தது. “ஒண்ணு குடுத்தான்” என்றேன்.

குனிந்து ஏணியின் காலைச் சரிசெய்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “உங்களுக்கா?” என்றான்.

“இல்லப்பா” என்றேன். வரியை முழுசாக எழுதி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். நீ கைவிட்டதை நான் இன்னும் விடவில்லை. ஆனால் அவன் கேட்ட அந்த ஒரு வார்த்தை நெஞ்சை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.