இடது தோளுக்கு மேலே

ஓஸ்வீகென், டிசம்பர் 3

அன்புத் தம்பி லைல்,

சுகமா? மேற்கே போய்ப் புது அணிச் சட்டை போட்டதும் அண்ணனை மறந்துவிட்டாய். வாராவாரம் விமானம் ஏறுகிறவருக்கு ஒரு கடிதம் எழுத நேரமில்லையாக்கும்!

சித்தி நன்றாக இருக்கிறாள். உன் அம்மா எழுந்து நடமாட வேண்டும் என்று போன வசந்தத்தில் நம் முன்னோர் வழக்கப்படி ஊரே வலை கட்டிய மர மட்டையோடு இறங்கி லக்ராஸ் பந்தாட்டம் ஆடினோமே, அது வீண் போகவில்லை. நேற்று சோள சூப் கொண்டுவந்தாள். "அந்தத் தடியன் ஒழுங்கா சாப்பிடுறானாடா?" என்று உன்னைத்தான் கேட்டாள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு உன் பந்து பட்ட இடது கண் இன்னும் தெளியவில்லை. அந்தப் பக்கம் உயரமாக வரும் பந்து கடைசி நொடியில்தான் தெரிகிறது. சித்திக்காக ஆடியபோது பட்ட அடி. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயும் யாரிடமும் மூச்சு விடாதே. கோல் காக்க இனி எனக்கு வேறு அணி கிடைக்காது.

உன் அண்ணன்,
ரெஜிஸ்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணா,

கோபிக்காதே. இங்கே பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று கோச் தோளில் கை போட்டு, "அங்க கோல்ல நிக்கிறது உன் அண்ணன்தானே? எங்க அடிச்சா உள்ள போகும்னு உனக்குத் தெரியாதா?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

கண் தேவலையா? இன்னும் அதே மாதிரிதானா? மறக்காமல் எழுது. இரண்டு அணியும் தேறினால் அரையிறுதியில் எதிரெதிரே பார்ப்போம்.

தம்பி லைல்

மே 9

லைல்,

அரையிறுதியில் முதல் பாதியிலேயே ஏழு கோல். ஆறு என் இடது தோளுக்கு மேலே. நான்கு நீ போட்டவை. பந்து மட்டைக்கு வந்ததுமே உன் ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்களே, அப்போதே புரிந்துவிட்டது. என்னை வெளியே உட்காரவைத்தார்கள். மறுநாள் கண்ணைச் சோதித்து, அணியிலிருந்தே அனுப்பிவிட்டார்கள்.

கைகுலுக்கும்போது தரையைப் பார்த்து, "நல்லா ஆடினே அண்ணா" என்றாய்.

உன் பந்து பட்டதற்கு உன்னை ஒரு வார்த்தை சொன்னேனா? உன் அம்மாவுக்காக வாங்கிய அடியடா அது! அதைக் காட்டிக்கொடுத்தா பெஞ்சிலிருந்து எழுந்தாய், பாவி?

சித்திக்கு மறுபடி முடியவில்லை. ஞாயிறு காலை அவளுக்காக ஊர் ஆட்டம். "என் பிள்ளைங்க ரெண்டு பேரும் ஆடணும்" என்கிறாள். மனதில் வன்மம் வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தில் மட்டையைத் தொடக்கூடாது என்று உனக்கும் தெரியும். எவ்வளவோ முயன்றுவிட்டேன். போகவில்லை. ஆகவே நான் ஆடப்போவதில்லை.

நீ வந்து ஆடு. ரெஜிஸ் எங்கே என்று சித்தி கேட்பாள். நீயே பதில் சொல்.

ரெஜிஸ்