ஊசி வேண்டாம் என்ற வீரன்

அன்புள்ள அக்காவுக்கு,

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஆடிக்கொண்டிருந்த என் கடைவாய்ப் பல் நேற்றுக் காலை பதவி விலகியது.

மரத்துப்போகும் ஊசி போடாமலே பிடுங்கினார்கள்! "வலியெல்லாம் எனக்குத் தூசு டாக்டர், ஊசி வேணாம்" என்றேன். "அடேயப்பா, உன்ன மாதிரி தைரியசாலிய நான் பார்த்ததே இல்லப்பா!" என்று டாக்டரம்மா அசந்துபோனார். அதைப் பள்ளி முழுக்கச் சொல்லியாயிற்று.

ஆனால் சனிக்கிழமை இன்னொரு பல்லையும் பிடுங்க வேண்டும்; அது ஆடாத பல். ஊசி போட்டே தீர வேண்டுமாம்.

அக்கா, எனக்குப் பயமே அந்த ஊசிதான். வேண்டாம் என்று சொன்னது பயம். பாராட்டை வாங்கிக்கொண்டது வீம்பு. இரண்டும் ஒரே ஆள்தானோ என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

சனிக்கிழமை கூட வா. நான் வீரம் பேசினால் நம்பாதே. "இவனுக்கு ஊசின்னா பயம்"னு டாக்டரிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு வாய் வராது.

வீங்கிய கன்னத்துடன்,
உன் தம்பி