சந்தனப் பொட்டு வைத்த கேஸ் ட்யூப்

“அடுப்போட வீட்டை வாடகைக்கு விட்டது நீங்க, ட்யூப்பை நாங்க மாத்தணுமா?” என்று மாடியிலிருந்து சுவாதி கத்த, “நாலு வருசமா இன்னா ஆயிடுச்சு?” என்று கீழேயிருந்து நீங்கள் கத்த, அரிசி களைகிற சாக்கில் நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். மெக்கானிக் உதயன் வந்து சோப்பு நுரை தடவினால், ஆயுத பூஜைக்கு நீங்கள் வைத்த சந்தனப் பொட்டிலேயே குமிழ் குமிழாகக் கிளம்புகிறது! “இன்னா ஓனரே, விரிசலுக்குப் பொட்டு வெச்சிக்கீறீங்க!” என்றான். அன்றே ட்யூப்பை மாற்றினீர்கள். சுவாதியோடு பேச்சையும் நிறுத்தினீர்கள்.

அப்புறமும் ஐந்து தடவை ‘செக்’ பண்ண வந்தானே, புது ட்யூப்பில் என்ன கசிவு என்று நான் கேட்டேனா இல்லையா? நீங்கள்தான் ஓடியாடிய அலுப்பில் காதில் வாங்காமல் தூங்கிவிட்டீர்கள்.

இன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலில் சுவாதிக்கும் உதயனுக்கும் பத்தரைக்குத் தாலி. நான் முன்னால் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில், காப்பி பிளாஸ்கில். அடுப்பைத் தொடாதீர்கள். கீழே நம் அடுப்பு ட்யூப்பில் இருந்த பொட்டையும் துடைத்துப் பார்த்தேன், அதே விரிசல். ரெகுலேட்டரைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

“சார் வந்து அட்சதை போட்டாத்தான் மனசு ஆறும் ஆன்ட்டி” என்று நேற்று சுவாதி கண் கலங்கினாள். வீம்பை விட்டுவிட்டு வந்து சேருங்கள்.

செந்தாமரை

சொல்ல மறந்தேன்: இன்றே அவள் மாடியைக் காலி செய்து மாப்பிள்ளை வீட்டுக்கு, மண்ணூருக்குக் குடி போகிறாள். அவள் அம்மா வீடு இருக்கும் பரமக்குடி தூரமாம், அதனால் மறுவீடு நாளை நம் வீட்டில்தான். புது ட்யூப் மாப்பிள்ளையே கொண்டுவருகிறார்.