அடுப்பு மூட்டாத சனிக்கிழமை

ஜூன் 4, 2013, செவ்வாய்

மழை. இந்தப் பிரெஞ்சு ஊரில் ஜூனிலும் ஸ்வெட்டர். குடை மறுபடி மெட்ரோவோடு போய்விட்டது. பிரஷர் மாத்திரை முடிந்தது, வாங்க வேண்டும்.

மாலை தொழிற்சங்க அறையில் கூட்டம். சிவபாலனின் சாப்பாட்டுக் கடைப் பெடியள் எல்லோரும் வந்தார்கள். விஷயம் கடைச் சமையல்காரன் தவத்தின் கை. கொதி எண்ணெய் கொட்டி மணிக்கட்டு வரை வெந்திருக்கிறது. சிவபாலனே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். "வீட்டிலை சுட்டதெண்டு சொல்லு" என்றாராம். தவம் கடையில்தான் என்று உண்மையைச் சொல்லிவிட்டான். மறுநாள் வேலை போயிற்று. அடுத்த மாதம் விசா கார்ட் புதுப்பிக்க வேண்டும். வேலை இல்லாவிட்டால் கார்டும் இல்லை.

முடிவு: 15ஆம் தேதி சனி வேலைநிறுத்தம், அடுப்பு மூட்டுவதில்லை. அன்று ஸ்தேன் புறநகரில் ஒரு மண்டபத்துக்குப் பெரிய சாப்பாட்டு ஓடர் இருக்கிறதாம். நல்ல நாளாகத்தான் பார்த்தேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவர்களில் குணத்தின் கை மட்டும் கொஞ்சம் தாமதமாக.

யாருடைய ஓடர் என்று நான் கேட்கவில்லை. பெரிய சங்கத் தலைவர் நான்.

ஜூன் 9, ஞாயிறு

கொஞ்சம் வெயில். உடுப்புத் தோய்த்தேன்.

குணம் போன். ஓடர் சிவபாலனின் மகளுடைய சாமத்தியவீட்டுக்காம், பூப்புனித நீராட்டு விழாவுக்கு!

"தெரிஞ்சுகொண்டோ கை தூக்கினனீ?"

"அப்ப எங்களுக்கு அழைப்புச் சொல்லேல்லை அண்ணை. சொல்லாத வீட்டுக்கு ஏன் போவான் எண்டு இருந்தம். நேற்று முதலாளியும் மனிசியும் எபினேயிலை எங்கட அறைக்கே தட்டத்தோடை வந்து சொல்லிப்போட்டினம். மெத்தையிலை இருந்து தேத்தண்ணியும் குடிச்சவை. 'உங்கட தங்கச்சிமாதிரி, நீங்கள்தான் நிண்டு செய்யவேணும்' எண்டவர்."

"சம்பளம் தருவாரோ?"

"என்ன அண்ணை கதைக்கிறியள். வேலை எண்டால் நிப்பாட்டலாம். இது விசேஷமெல்லே."

இதற்குப் பதிலாக எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவைக் காட்டுவது? போனை வைத்துவிட்டு உடுப்பை மடித்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

சிவபாலனும் மனைவியும் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டார்கள். என் மனைவி தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"சங்கம் வேறை, சபை வேறை அண்ணை. முன்னுக்கு வந்து நிக்கவேணும்" என்றார் சிவபாலன்.

தவத்தின் பேச்சை எடுத்தேன். "நல்ல காரியம் சொல்ல வந்த இடத்திலை அதை ஏன்?" என்றார். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். வெட்கம். இதை எழுதும்போதும் வெட்கம்.

2009இல் போரை நிறுத்தச் சொல்லி நாங்கள் தெருவில் நின்றபோது கடையைப் பூட்டிவிட்டு வேனில் சோற்றுப் பார்சல் கொண்டுவந்து தந்ததும் இதே மனிதன்தான். முழுதாக வெறுக்கவும் முடிந்தால்தானே.

பிறகு தவத்தை லா சப்பல் கடைத்தெருவில் கண்டேன். முகத்தில் வெளிச்சம்.

"முதலாளி என்ரை அறைக்கும் வந்தவர் அண்ணை. கையைப் பாத்து மனிசி அழுதிட்டா. வேலைக்குத் திரும்ப எடுப்பார். எடுக்காட்டி ஏன் வந்து சொல்லுவார்?"

கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 15, சனி

தூறல். காலையிலேயே கடைக்கு முன் போனேன். தொழிற்சங்கச் சம்மேளனத்திலிருந்து மார்த்தின் வந்துவிட்டாள், கொடிகள், ஒலிபெருக்கி எல்லாவற்றோடும். ஷட்டர் கீழே. அதில் ஒரு மட்டை: "குடும்ப விழா. இன்று விடுமுறை."

"பெடியள் எங்கே?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"முதலாளி வீட்டு விழாவில் சமைக்கிறார்கள்."

"சம்பளத்துக்கா?"

"இல்லை."

கொடியைச் சுருட்டினாள். மரக்கறி வாங்க வந்த ஒருவர் "கடை பூட்டு, வெற்றிதானே அண்ணை" என்று சிரித்துக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனைவி பட்டுச் சேலையில் ஸ்தேனுக்கு. நான் போகவில்லை. அந்த அளவு ரோசமாவது மிச்சம்.

ஜூன் 16, ஞாயிறு

மறுபடி மழை. மாத்திரை இன்னும் வாங்கவில்லை.

மனைவி சொன்னது: மண்டபம் நிறைந்த சனம். பிள்ளை வடிவு. பின்னுக்குச் சமையலிடத்தில் பெரிய கிடாரத்தடியில் தவம், கட்டுப்போட்ட கைக்கு மேலே பிளாஸ்டிக் உறை. யாரும் சமைக்கச் சொல்லவில்லை, அவனாகவே நின்று சமைத்தானாம்.

மத்தியானம் குணம் போன். சட்டி கழுவி முடித்த பிறகு தவம் முதலாளியிடம் கேட்டிருக்கிறான், "நாளைக்கு வரட்டோ?"

"கைப் புண் மாறட்டும் தம்பி. பாப்பம்."

அவனுடைய இடத்துக்கு ஆள் இந்த மாதத் தொடக்கத்திலேயே எடுத்தாயிற்றாம். சாமத்தியவீட்டுக்குச் சொல்லப் புறப்படுவதற்கு முன்பே.

"ஏன் அண்ணை எங்களுக்கு விளங்கேல்லை?" குணம் அழுதான். விளங்கினாலும் போயிருப்பார்கள்.

தவத்துக்கு இரண்டு தரம் போன் அடித்தேன். எடுக்கவில்லை.

மனைவி குளிர்பெட்டியில் விழாச் சாப்பாட்டுப் பார்சல் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தாள். தொடக்கூடாது என்றுதான் இருந்தேன். பசி. சூடாக்கினேன். கத்தரிக்காய்ப் பால்கறி. தவத்தின் கைப்பக்குவம், வாயில் வைத்ததுமே தெரிந்தது. ஒரு குறையும் இல்லை.

சோறு இன்னொரு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.